தோட்டப் பெண்களின் குருதிச்சோகை ஆய்வேடு: கட்டுரைகளை எங்கே தேடுவது, எதை நம்புவது?

கொட்டகலை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். தாதியர் பட்டப்படிப்பு, இறுதி வருடம். ஆய்வேட்டுத் தலைப்பு: நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடையே குருதிச்சோகை (அனீமியா). இலக்கிய மீளாய்வுக்குக் குறைந்தது 25 சக மதிப்பாய்வுக் கட்டுரைகள் வேண்டும், பாதிக்கு மேல் கடைசிப் பத்து வருடத்துக்குள் வந்தவையாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

கூகிள் ஸ்கொலரில் தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது. அதில் பாதி, தேநீர் குடிப்பது பற்றியது. சரியாகப் பொருந்துகிற கட்டுரையைத் திறந்தால் முப்பது, நாற்பது டொலர் கேட்கிறது. கிடைத்தவற்றிலும் ஒரு குழப்பம்: ஒரே மாவட்டம், ஒரே வயதுப் பெண்கள், ஆனால் இரண்டு கட்டுரைகளில் குருதிச்சோகை வீதம் எட்டாத தூரத்தில் நிற்கிறது. எதை எடுப்பது? ஒரு சஞ்சிகை நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நூலக மேசை:

தங்கச்சி, பிரச்சினை தேடுசொல்லிலதான். 'டீ', 'அனீமியா' ரெண்டையும் சேர்த்துப் போட்டா, தேயிலையில உள்ள பொலிபினோல் இரும்புச்சத்தை உறிஞ்சவிடாம தடுக்கிறதைப் பற்றின கட்டுரைங்கதான் முதல்ல வந்து குவியும். 'எஸ்டேட்'னு தனியா போட்டா காணி, வீடு விற்கிற கதை வரும். 'டீ எஸ்டேட்', 'டீ பிளான்டேஷன்', 'எஸ்டேட் செக்டர்' இந்த மூணையும் தனித்தனியா மேற்கோள்குறிக்குள்ள போடுங்க, நடுவில 'ஓஆர்' பெரிய எழுத்தில. சின்ன எழுத்தில போட்டா ஸ்கொலர் அதைச் சாதாரணச் சொல்லாத்தான் எடுக்கும். அனீமியாவுக்கு பிரித்தானிய எழுத்து, அமெரிக்க எழுத்து ரெண்டும் வேணும், கூட 'ஹீமோகுளோபின்', 'அயர்ன் டெஃபிஷன்சி'. பிறகு ஸ்ரீலங்கா. எல்லாத்தையும் ஒரே வரியில திணிக்காதீங்க, ஸ்கொலர் 256 எழுத்துக்கு மேல எடுக்காது. ரெண்டு மூணு தேடலாப் பிரிச்சிடுங்க. எத்தனை ஆயிரம்னு காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல அது திறந்து காட்டப்போறதில்ல, அதனால மேல இருக்கிற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உங்க தலைப்புக்கு ஸ்கொலரை விட, மருத்துவக் கட்டுரைங்களுக்கான தரவுத்தளம் பப்மெட்தான் முதல் இடம். இலவசம். ஒரு விஷயம் கவனிங்க: அங்க ஸ்ரீலங்கான்னு சும்மா போட்டா ஆசிரியருடைய முகவரியில இருக்கிற ஸ்ரீலங்காவையும் பிடிக்கும். கொழும்பில இருக்கிற ஒருத்தர் எலியை வச்சு செஞ்ச ஆய்வும் வந்து நிக்கும். சொல்லுக்குப் பின்னால சதுர அடைப்புக்குறிக்குள்ள டிஐஏபி என்ற நாலு ஆங்கில எழுத்தைச் சேர்த்தா தலைப்பிலயும் சுருக்கத்திலயும் மட்டும் தேடும். இன்னொண்ணு, பப்மெட்டில மேற்கோள்குறி போட்டா அது தானாச் சேர்க்கிற ஒத்த சொற்கள் நின்னுடும். அங்க குறியில்லாம ஒரு தடவை, குறியோட ஒரு தடவை தேடிப் பாருங்க.

மக்களுக்கான பெயர்தான் நிறையப் பேர் கோட்டைவிடுற இடம். பழைய கட்டுரையில 'இந்தியன் தமிழ்ஸ்', 'எஸ்டேட் தமிழ்ஸ்', கொஞ்சம் பிந்தினதில 'அப்கன்ட்ரி தமிழ்ஸ்', 'ஹில் கன்ட்ரி தமிழ்ஸ்', இப்ப 'மலையக தமிழ்ஸ்'. அந்தக் கடைசிச் சொல்லையும் ஆங்கிலத்தில ஒருத்தர் எச் போட்டு, ஒருத்தர் ஜி போட்டு, ஒருத்தர் கே போட்டு எழுதுறாங்க. மூணையும் தேடணும். மருத்துவக் கட்டுரைகள்ல இனப்பெயர் அவ்வளவா வராது, 'எஸ்டேட் செக்டர்'தான் வரும். தொகைமதிப்புத் திணைக்களக் கணக்கில எஸ்டேட் செக்டர்ன்னா 20 ஏக்கருக்குக் குறையாத, 10 பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளர் இருக்கிற தோட்டம். டவுனுக்கு வந்து குடியேறின மலையகக் குடும்பம் அதுக்குள்ள வராது. தோட்டத்துக்குள்ள இருக்கிற சிங்களக் குடும்பம் வரும். மலையகத் தமிழரையும் எஸ்டேட் செக்டரையும் ஒண்ணா வச்சு எழுதினா வாய்மொழித் தேர்வில முதல் கேள்வியே அங்கதான் விழும்.

ஒப்பிட்டு எழுத இந்தியக் கட்டுரை வேணும்னா 'டீ கார்டன்'னு தேடுங்க. அசாம், வங்காளம் பக்கம் எஸ்டேட்டுக்கு அதுதான் பேர். அதைப் போடாதவரை அசாம் ஆய்வுங்க அரைவாசி கண்ணில படாது.

நல்லதா ஒரு கட்டுரை சிக்கிட்டா தேடலை நிறுத்திட்டு அதைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. அதோட உசாத்துணைப் பட்டியல் பின்னால கூட்டிட்டுப் போகும், ஸ்கொலர்ல அதுக்குக் கீழ இருக்கிற 'சைட்டட் பை' முன்னால கூட்டிட்டுப் போகும். 'சைட்டட் பை'யைத் திறந்ததும் மேல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், மேற்கோள் காட்டின கட்டுரைகளுக்குள்ள மட்டும் தேடுறதுக்கு. அதில டிக் போட்டு 'எஸ்டேட்'னு அடிச்சா இருநூறு கட்டுரை ஏழெட்டா சுருங்கும்.

உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்'. தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துறது, 2008ல இருந்து இருக்கு. சிலோன் மெடிக்கல் ஜேர்னல், சமுதாய மருத்துவர் கல்லூரியுடைய சஞ்சிகை எல்லாம் அங்க முழுசா, காசில்லாம. பப்மெட்டில ஏறாத உள்ளூர் ஆய்வு இங்க கிடக்கும். தோட்டச் சமூகத்தின் வரலாற்றுப் பின்னணிக்குத் தமிழ்ல ஏதும் வேணும்னா 'நூலகம்'கிற இணையத்தளம். ஆனா அதில இருக்கிறது பெரும்பாலும் நூல், பத்திரிகை, மலர். 25க்குள்ள எண்ணாதீங்க.

பனிமூட்டம்:

காசு கேட்கும் கட்டுரைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டொலர் கொடுக்க அவசியமே வராது.

ஸ்கொலரில் கட்டுரைக்குக் கீழே 'ஓல் வேர்ஷன்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் அதே கட்டுரையின் பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தெரியும். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் இருக்கும் பிரதி பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபொக்ஸ் வைத்திருந்தால் 'அன்பேவோல்' என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து நிற்கும். 'கோர்' என்ற தளம் உலகெங்கும் உள்ள களஞ்சியங்களைச் சேர்த்துத் தேடும். மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட்டிலேயே 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' வடிகட்டி இருக்கிறது. ஆனால் அதை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். இலவசமாகக் கிடைத்தவற்றை மட்டும் வைத்து மீளாய்வு எழுதினால் அது சாய்ந்த மீளாய்வு. எல்லாவற்றையும் தேடி, பட்டியலிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிரதிக்கு அலையுங்கள்.

உங்கள் நிறுவன நூலகரிடம் 'ஹினாரி' அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம், சுகாதாரத்துறைச் சஞ்சிகைகளுக்கு. தனியாள் பதிவு கிடையாது, நிறுவனம்தான் பதிய வேண்டும், கடவுச்சொல் நூலகர் கையில் இருக்கும்.

எதுவும் சரிவராவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல். சுருக்கப் பக்கத்திலேயே தொடர்பாசிரியரின் முகவரி இருக்கும். கடிதத் தலைப்பில் கட்டுரையின் பெயர். உள்ளே நீங்கள் யார், எந்த நிறுவனம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று ஒரு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். முகவரி செத்துப்போய்த் திரும்பி வந்தால் இரண்டாவது ஆசிரியருக்கு அனுப்புங்கள். மாணவர் பட்டம் முடித்துப் போயிருப்பார், மேற்பார்வையாளர் அதே துறையில்தான் இருப்பார்.

களஞ்சியத்தில் கிடைப்பது சில வேளை அச்சுக்கு முந்திய கையெழுத்துப் பிரதியாக இருக்கும். படிக்க அது போதும், மேற்கோளில் சஞ்சிகையின் தொகுதி, இதழ், பக்க எண்களைக் கொடுங்கள்.

எண்கணக்கு:

இரண்டு கட்டுரைகளில் வீதம் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். மலைநாட்டுக் குருதிச்சோகை ஆய்வு என்றால் நான் முதலில் தேடுவது உயரத்தை. கடல்மட்டத்திலிருந்து ஏறும்போது ஒட்சிசன் அழுத்தம் குறைகிறது, உடல் அதை ஈடுகட்டக் கூடுதலாக ஈமோகுளோபினை உண்டாக்குகிறது. அதனால் மேட்டில் எடுத்த அளவில் ஒரு பகுதியைக் கழித்த பிறகுதான் வெட்டுப்புள்ளியோடு (இதற்குக் கீழே போனால் குருதிச்சோகை என்ற எல்லை) ஒப்பிட வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2024இல் மாற்றிவிட்டது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுங்கள், உயரம் ஏறக்குறைய 1,300 மீற்றர். கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12.4 கிராம். வெட்டுப்புள்ளி 12.0. உயரத்தைக் கணக்கில் எடுக்காத ஆய்வில் இவருக்குக் குருதிச்சோகை இல்லை. 2011ஆம் ஆண்டு அட்டவணையில் 1,000 மீற்றருக்கு உரிய 0.2ஐக் கழித்தால் 12.2, அப்போதும் இல்லை. 2024 வழிகாட்டியின்படி 1,000 முதல் 1,499 மீற்றர் வரை 0.8 கழிக்க வேண்டும். 11.6, இப்போது இருக்கிறது. ஒரே பெண், ஒரே இரத்தம். 12க்கும் 12.8க்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேரும் ஒரு கட்டுரையில் உள்ளே, இன்னொன்றில் வெளியே. நுவரெலியாப் பக்கம், 1,500க்கு மேலே போனால் கழிவு 1.1. புதிய வழிகாட்டியில் 500 மீற்றரிலிருந்தே 0.4 கழிக்கிறார்கள், ஆகவே கண்டிப் பக்கத்து மத்திய உயரத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். நுவரெலியாவைத் தாழ்நிலத்து இரத்தினபுரித் தோட்டங்களோடு ஒப்பிட்டு 'மலையில் குறைவு' என்று எழுதிய கட்டுரை எதுவானாலும், இந்த உயரத் திருத்தம் செய்திருக்கிறார்களா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

அடுத்தது அளந்த விதம். விரல்நுனி இரத்தத்தை ஹீமோக்யூ கருவியில் பார்த்தார்களா, நாளத்தில் எடுத்துத் தன்னியக்கப் பகுப்பாய்வியில் பார்த்தார்களா? 2024 வழிகாட்டி பரிந்துரைப்பது இரண்டாவதை. விரலை அழுத்திப் பிழிந்தால் இழையப் பாய்மம் கலந்து அளவு குறைவாக விழும். கர்ப்பிணிகளையும் மற்றவர்களையும் ஒரே சராசரியில் போட்டிருந்தால் அந்த எண் ஒன்றுக்கும் உதவாது. கர்ப்பிணிகளுக்கு வெட்டுப்புள்ளி 11.0, இரண்டாம் மும்மாதத்தில் 10.5.

குருதிச்சோகையை அப்படியே இரும்புக் குறைபாடு என்று எழுதுகிற கட்டுரைகளும் உண்டு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஃபெரிட்டின் பார்த்திருந்தாலும் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பார்த்தார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும். பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவின் கடத்திகளை யோசித்தார்களா என்பதும் நம் நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

இனி மாதிரி. பங்கேற்பாளர்களை எங்கே பிடித்தார்கள்? வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் காலை ஆறரைக்கு நிற்பவர்களைப் பிடிப்பது சுலபம், ஆனால் அங்கே நிற்பவர் வேலைக்கு வரத் தெம்பு உள்ளவர். தலைசுற்றி லயத்தில் படுத்திருப்பவரும், தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு வெளிவேலைக்குப் போனவரும் அந்தக் கணக்கில் இல்லை. வீதம் குறைந்து காட்டும். கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்தில் பிடித்தால் சாய்வு வேறு பக்கம். வீட்டுப் பட்டியலிலிருந்து எழுமாறாக எடுத்தார்களா, எத்தனை பேர் மறுத்தார்கள், அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

300 பேர், வீதம் 30% என்றால் சாதாரணக் கணக்கில் 95% நம்பிக்கை ஆயிடை (உண்மையான வீதம் இருக்கக்கூடிய வீச்சு) ஏறக்குறைய 25 முதல் 35 வரை. ஆனால் அந்த 300 பேரும் பத்துத் தோட்டங்களிலிருந்து கொத்துக் கொத்தாக எடுக்கப்பட்டவர்கள். ஒரே தோட்டத்தில் சாப்பாடு, தண்ணீர், டிஸ்பென்சரி எல்லாம் ஒன்றுதான், ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இந்த ஒற்றுமைக்காகச் சேர்க்கும் பெருக்கியான வடிவமைப்பு விளைவு 2 என்று வைத்தாலே ஆயிடை 23 முதல் 37 வரை விரிந்துவிடும். இதைச் செய்யாத கட்டுரை நிறைய. உங்கள் இரண்டு கட்டுரைகளின் ஆயிடைகளையும் இப்படி விரித்துப் பாருங்கள், 'முரண்பாடு' என்று நினைத்ததில் பாதி அங்கேயே கரைந்துவிடலாம்.

கடைசியாக, வெளிவந்த வருடத்தை அல்ல, தரவு எடுத்த வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த கட்டுரையின் தரவு 2017ஆக இருக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய சாப்பாட்டுத் தட்டும் பிந்திய தட்டும் ஒன்றல்ல.

சஞ்சிகைக் காவல்:

சஞ்சிகை நம்பத்தக்கதா என்பதற்கு ஒரே ஒரு சோதனை கிடையாது. ஐஎஸ்எஸ்என் இருக்கிறது என்பதால் எதுவும் நிரூபணமாகாது, அது எட்டு இலக்கப் பதிவு எண், தரச் சான்றிதழ் அல்ல. கட்டுரைக்குக் கொடுக்கும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இருப்பதும் அப்படித்தான். சஞ்சிகையின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண்ணை 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.8' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது யாருடைய கணக்கு என்று பாருங்கள். அந்தப் பெயரில் உலகம் ஏற்கும் கணக்கு கிளாரிவேட் நிறுவனத்தினுடையது. பெயரை மட்டும் கடன் வாங்கிய விற்பனை எண்கள் ஏராளம்.

சின்னங்களை நம்பாமல் மூல இடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்றால் ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடுங்கள், இலவசம். அங்கே இருந்தாலும், எந்த வருடத்தோடு சேர்ப்பது நின்றுவிட்டது என்று பாருங்கள். நீக்கப்பட்ட சஞ்சிகைகளும் பழைய பெருமையைத் தளத்தில் வைத்திருக்கும். திறந்த அணுகல் சஞ்சிகை (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால் அவற்றுக்கான பட்டியல் தளம் டிஓஏஜே. வெளியீட்டு நெறிமுறைக் குழுவான 'கோப்' உறுப்பினர் என்றால் கோப் தளத்தின் உறுப்பினர் பட்டியல். பீல் என்ற நூலகர் போட்ட, போலிச் சஞ்சிகைகளின் கறுப்புப் பட்டியலை இன்னும் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள், அவர் 2017 ஜனவரியில் அதை மூடிவிட்டார். அதற்குப் பிந்திய சஞ்சிகைக்கு அது சாட்சியாகாது.

நூலக மேசை அக்கா சொன்ன உள்ளூர்ச் சஞ்சிகைகள் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கோபஸில் இல்லாததால் அவற்றைத் தள்ளிவிடுகிற விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தோட்டச் சுகாதாரத்துக்கு அது சரியான அளவுகோல் அல்ல. வருடத்துக்கு இரண்டு இதழ் போடும் ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகை காசும் வாங்காது, ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் துறைப் பக்கத்தில் பார்க்கலாம். அதேநேரம் உள்ளூர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் எடுக்க வேண்டாம். எண்கணக்கு சேர் சொன்ன கேள்விகள் எல்லாச் சஞ்சிகைக்கும் பொது.

கட்டணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. பிஎம்சி, பிளொஸ் போன்ற நல்ல திறந்த அணுகல் வெளியீட்டாளர்களும் வாங்குகிறார்கள். ஒரே இதழில் பல் மருத்துவமும் பாலம் கட்டுவதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பெற்ற நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் நடுவில் நான்கு நாள்தான் இருந்தால், அங்கே யாரும் எதையும் மதிப்பாய்வு செய்யவில்லை. அந்த இரண்டு திகதிகளும் கட்டுரையின் முதல் பக்க அடியில் இருக்கும்.

கொட்டகலை மாணவி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். எண்கணக்கு சேர், என்னிடம் இருக்கிற ஒரு கட்டுரையில் தோட்டங்களின் பெயர் இருக்கிறது, உயரம் எங்கேயும் எழுதவில்லை. அதைத் தள்ளிவிடவா? இன்னொன்று: வகுப்பில் ஒரு தோழி ஏஐயிடம் கேட்டு வாங்கிய 12 கட்டுரைப் பட்டியலைக் கொடுத்தாள். அதில் சிலது ஸ்கொலரில் வரவே இல்லை.

சஞ்சிகைக் காவல்:

வராது, ஏனென்றால் அவை எழுதப்படவே இல்லை. அந்த வகைப் போலி மேற்கோளில் ஆசிரியர் நிஜம், சஞ்சிகை நிஜம், தலைப்பு மட்டும் கற்பனையாக இருக்கும், அதனால்தான் கண்ணை ஏமாற்றும். டிஓஐயை டிஓஐ தளத்தில் போடுங்கள். ஒன்றுமே திறக்காது, அல்லது வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை திறக்கும். டிஓஐ இல்லையென்றால் சஞ்சிகையின் தளத்தில் அந்தத் தொகுதியையும் இதழையும் திறந்து, அந்தப் பக்க எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டையும் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் போதும். நிஜமாக இருப்பவற்றையும் நீங்களே திறந்து படிக்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கூடவே மேற்கோள்களைச் சேகரிக்கும் மென்பொருளான ஸொட்டேரோ போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். பிழையோ மோசடியோ கண்டு சஞ்சிகை மீளப்பெற்ற கட்டுரை ஏதும் உங்கள் சேகரிப்பில் இருந்தால் அதுவே சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். அவர்கள் இலவசமாகத் தரும் இடம் 300 எம்பிதான், பிடிஎஃப்களை உங்கள் கணினியில் மட்டும் வைத்தால் அது நிரம்பாது.

எண்கணக்கு:

தள்ள வேண்டாம் மகள். தோட்டத்தின் பெயர் இருந்தால் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்திலோ கூகிள் ஏர்த்திலோ உயரத்தைப் பார்க்கலாம். கவனம், ஒரே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கும் மேற்பிரிவுக்கும் இருநூறு முந்நூறு மீற்றர் வித்தியாசம் வருவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். மேல்பிரிவு 1,500ஐத் தாண்டினால் கழிவே மாறிவிடும். ஆகவே ஒற்றை எண் போடாமல் 'ஏறக்குறைய இத்தனை முதல் இத்தனை வரை' என்று எழுதி, 'வரைபடத்திலிருந்து கணித்தது' என்று அடிக்குறிப்பு வையுங்கள்.

கட்டுரைகளுக்கு ஓர் எக்ஸல் அட்டவணை போடுங்கள்: ஆசிரியர், தரவு எடுத்த வருடம், தோட்டம் அல்லது எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவு, உயரம், எத்தனை பேர், எங்கே பிடித்தார்கள், எப்படி அளந்தார்கள், எந்த வெட்டுப்புள்ளி, திருத்தம் உண்டா, வீதம், ஆயிடை. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடாமல் 'குறிப்பிடப்படவில்லை' என்று நிரப்புங்கள். பிறகு அந்தக் கட்டங்களை எண்ணினால், திருத்தம் செய்தார்களா என்று சொல்லாத கட்டுரைகள் எத்தனை என்பது கையில் இருக்கும். மீளாய்வில் உங்கள் ஆய்வுக்கான இடைவெளியைக் காட்ட அந்த எண் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கட்டுரையில் சராசரியும் நியம விலகலும் மட்டும் இருந்தால், 0.8ஐக் கழித்து நீங்களாகப் புதிய வீதம் ஒன்றைக் கணக்கிட்டு அதை அந்த ஆசிரியரின் முடிவாக எழுத வேண்டாம். ஈமோகுளோபின் பரம்பல் கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கும், கணக்கு வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே பிழைக்கும். பனிமூட்டம் சொன்ன மாதிரி ஆசிரியருக்கு மூன்று வரி எழுதி, திருத்திய வீதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.